மலைக்கு யாராவது ஸ்விட்ச் வைப்பார்களா?

தீபத்துக்கு எட்டு நாள் இருக்கும்போது ஒரு மத்தியானம், திருவண்ணாமலை முழுக்க விளக்கு எரிந்தது. சரியாக ஒரு கண் சிமிட்டும் நேரம். அப்புறம் மொத்த ஊரும் பொசுக்கென்று இருண்டுபோனது.

யார் செய்த வேலை என்கிறீர்கள்? நான்தான்.

கரண்ட் ஆபீசுக்கு போன் போடக் கிளம்பிவிடாதீர்கள். நான் இருட்டாக்கியது என் செல்போனுக்குள் இருக்கிற திருவண்ணாமலையை.

“இன்னா மச்சான், ஊரே அவுட்டா?” என்றான் ஷபீர், என் தோள் வழியாக எட்டிப் பார்த்து. நான் ரிசப்ஷனில் உட்காருகிற லாட்ஜில் ஜெனரேட்டர், மோட்டார், சலவை எல்லாம் அவன் பொறுப்பு. என் வயசுதான். வாய் மட்டும் என்னைவிட ஜாஸ்தி.

“டெஸ்டிங் போயினு இருக்குடா.”

“ரெண்டு வாரமா டெஸ்டிங். இந்த தீபம் முடிஞ்சி அடுத்த தீபமே வந்துடும் போல.”

அவன் சொன்னதில் தப்பில்லை.

கட்டை அடுக்குகிற அந்த வீடியோ கேமை உங்கள் வீட்டுப் பிள்ளைகள் யாராவது ஆடிப் பார்த்திருப்பீர்கள். மண், கல், மரம், தண்ணீர் — எல்லாம் சதுரக் கட்டை. சூரியன் சதுரம். நிலாவும் சதுரம். மேகம் யாரோ கத்தரித்துப் போட்ட தெர்மாகோல் மாதிரி நகரும். பின்னால் ஒரு பியானோ, தூக்கத்தில் வாசிப்பது மாதிரி, நினைத்தால் ஒரு சத்தம், நினைத்தால் ஒரு சத்தம்... ஜெயிப்பது, தோற்பது எதுவும் இல்லை. கட்டலாம். அவ்வளவுதான். ஏன் கட்டுகிறாய் என்று அந்த உலகத்தில் யாரும் கேட்பதில்லை.

ஆனால் நான் கட்டியதற்குக் காரணம் இருந்தது. காரணத்தின் பெயர் பவி. என் தங்கச்சி.

என்னைவிட ஒன்றரை வயசு சின்னவள். பத்தாவது என்னைக் கைவிட்ட அதே வருஷம் அவள் ஒன்பதாவதில் முதல் ரேங்க். அப்புறம் இன்ஜினியரிங் — எலக்ட்ரானிக்ஸ். ஏதாவது வேலை ஆக வேண்டுமென்றால் “அண்ணா” என்பாள். மற்ற நேரமெல்லாம் “டேய்”.

தீபத்தன்று எங்கள் வீட்டு மொட்டை மாடி அவளுடையது. வீடு வேங்கிக்காலில். மாடியில் நின்றால் மலை அடியிலிருந்து உச்சி வரைக்கும் மறைப்பே இல்லாமல் தெரியும். சாயந்தரம் அஞ்சரைக்கே அகலெல்லாம் வரிசையாக வைத்து, எண்ணெய் ஊற்றி, திரி போட்டு, வீட்டு லைட்டையெல்லாம் அணைத்துவிட்டு, தீப்பெட்டியோடு நிற்பாள். கண் உச்சியை விட்டு நகராது. பேசினால் பதில் வராது. கொசு கடித்தால் தட்டமாட்டாள். உச்சியில் அந்தப் பொட்டு நெருப்பு தெரிந்த நொடியில் ஒரு கத்து கத்துவாள் பாருங்கள் — எங்கள் தெருவில் பாதிப் பேர் மலையைப் பார்த்து விளக்கேற்றுவதில்லை. பவி கத்துவதைக் கேட்டுத்தான் ஏற்றுகிறார்கள். அவள் ஏற்றுவதற்கு முன் எங்கள் வீட்டில் யாரும் தீக்குச்சியைத் தொட முடியாது. கல்யாணம் ஆகி ஓசூர் போன பிறகும் தீபத்துக்குப் பஸ் ஏறி வந்துவிடுவாள்.

இந்த வருஷம் வர முடியாது. ஏழாம் மாசம். படுக்கையை விட்டு எழுந்திருக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

“டி.வி.ல லைவ் காட்டுவாங்க இல்ல? படுத்துனே பாரேன்” என்றேன் போனில்.

“டி.வி.ல மலை தெரியும்டா. நம்ம வீடு தெரியுமா?”

கஸ்டமர் வந்துவிட்டார் என்று பொய் சொல்லி போனை வைத்தேன்.

சின்ன வயசில் அந்த கேமை இரண்டு பேரும் ஒரே போனில் ஆடுவோம். அவள் கட்டுவாள், நான் உடைப்பேன். பிறகு எங்கள் மாப்பிள்ளை — பவியின் வீட்டுக்காரர் — தன் பழைய லேப்டாப்பில் எங்களுக்கென்று ஒரு உலகத்தைப் போட்டு, அதை அணைக்காமல் ஓடவிட்டார். அவள் ஓசூரிலிருந்து நுழைவாள், நான் லாட்ஜிலிருந்து நுழைவேன். வாந்தி மயக்கம் தொடங்கியதிலிருந்து அவள் அந்தப் பக்கம் வரவே இல்லை. காலி மைதானமாகக் கிடந்தது.

அங்கே நம் ஊரைக் கட்டிவிட்டால்?

தீபத்தன்று ஆறு மணி. டி.வி.யில் மலை மேல் நெருப்பு தெரிகிற அதே நொடி, பவி படுத்தபடியே போனுக்குள் மலை உச்சியில் நெருப்பு வைக்கிறாள். தெருத்தெருவாக விளக்கு எரிந்துகொண்டே வந்து, கடைசியில் வேங்கிக்காலில் எங்கள் வீட்டு மாடியிலும் எரிகிறது. இதுதான் பிளான். வீட்டில் மாப்பிள்ளைக்கு மட்டும் சொன்னேன்.

“சத்தியமா சொல்லமாட்டேன் மச்சான்” என்றார். அப்புறம் தயங்கித் தயங்கி, “ஆனா சர்க்யூட்டெல்லாம் எப்பவும் அவதானே போடுவா? உங்களுக்கு...?”

உங்களுக்கு எங்கே வரும் என்பதைத்தான் அவ்வளவு மரியாதையாகக் கேட்டார். பத்தாவது பரீட்சையில் மின்சுற்றுப் படம் வரையச் சொன்னபோது, என் பேட்டரியிலிருந்து கிளம்பிய வயர் பேப்பரை விட்டே வெளியே போய்விட்டது. திரும்பி வரவே இல்லை. நானும்தான் அப்புறம் அந்தப் பள்ளிக்கூடத்துக்குத் திரும்பவில்லை.

முதலில் மலை. மத்தியானம் மூன்று மணிக்கு லாட்ஜ் தூங்கிவிடும். ரூம் சாவிகள் ஆணியில் ஆடாமல் தொங்கும். சிசிடிவி திரையில் ஒன்பது சதுரம், ஒன்பதிலும் ஆள் இல்லாத வராண்டா. வாசலில் வெயில் சதுரமாக விழுந்திருக்கும். அதற்கு அப்பால் மலை. நிமிர்ந்து மலையைப் பார்ப்பேன், குனிந்து ஒரு கட்டை வைப்பேன். நிமிர்வேன், குனிவேன்... கொஞ்ச நேரத்தில் எது வாசலில் இருக்கிற மலை, எது கையில் இருக்கிற மலை என்பதே குழம்பிவிடும். ஒரு தடவை கஸ்டமர் ஒருவர் “தம்பி, டபுள் ரூம் இருக்கா?” என்று கேட்டதற்கு “உச்சில இன்னும் நாலு கட்டை வைக்கணும் சார்” என்று சொல்லியிருக்கிறேன்.

அதிலும் ஒரு சிக்கல். இந்த மலை ஒவ்வொரு பக்கத்திலிருந்தும் ஒவ்வொரு மாதிரி. அடி அண்ணாமலைக்காரன் பார்க்கிற மலை வேறு, பஸ் ஸ்டாண்டில் இறங்குகிறவன் பார்க்கிற மலை வேறு. எதைக் கட்டுவது? யோசிக்கவே இல்லை. எங்கள் மாடியிலிருந்து தெரிகிற மலையைக் கட்டினேன். அவளுக்குத் தெரிந்த மலை அதுதானே.

அடுத்து சர்க்யூட்.

“உச்சில ஒரு ஸ்விட்ச்ச வச்சி வுட்டுட்டுப் போவியா...” என்றான் ஷபீர்.

“மலைக்கு யாராவது ஸ்விட்ச் வைப்பாங்களாடா?”

நெருப்பு வைக்க வேண்டும். நெருப்பைப் பார்த்துத்தான் ஊரில் விளக்கு எரிய வேண்டும். அதுதான் எங்கள் ஊர்க் கணக்கு.

அந்த கேமில் வயருக்குப் பதில் ஒரு சிவப்புத் தூள். ரெட்ஸ்டோன் என்பார்கள். குங்குமம் மாதிரி தரையில் கோடாகத் தூவிக்கொண்டே போனால் அதில் கரண்ட் ஓடும். உச்சியிலிருந்து அடிவாரம் வரைக்கும் தூவினேன். பாதி மலையிலேயே செத்துவிட்டது. மறுபடி தூவினேன், மறுபடி செத்தது. பிறகுதான் எண்ணிப் பார்த்தேன் — சரியாகப் பதினைந்து கட்டை. ஒவ்வொரு கட்டைக்கும் கொஞ்சம் கொஞ்சமாக வெளிறி, பதினாறாவதில் ஒன்றுமே இல்லை. குழாய்த் தண்ணீர் மாதிரி. தெருமுனை வீட்டில் பீய்ச்சி அடிக்கும், கடைசி வீட்டில் காற்று வரும்.

அதற்கு மருந்து ரிப்பீட்டர். புரிய எனக்கு இரண்டு நாள் ஆனது. நம் ஊரில் கிரிவலம் போனவர்களுக்கு இரண்டு நொடியில் புரியும். கூட்டத்தில் முன்னால் போகிற ஒருவர் “அண்ணாமலைக்கு...” என்பார். “அரோகரா” என்று பின்னால் வருகிறவர்கள் எடுப்பார்கள். அவர்கள் சத்தத்தைக் கேட்டு அவர்களுக்கும் பின்னால் வருகிறவர்கள். முதல் ஆளின் குரல் பத்தடி தூரத்திலேயே அடங்கியிருக்கும். ஆனால் சத்தம் மட்டும் இரண்டு மைல் போகும். அதுதான் ரிப்பீட்டர். ஓய்ந்துபோய் வருகிற கரண்டை வாங்கி, புதுசாக, முழு பலத்தோடு அடுத்த பதினைந்து கட்டைக்கு அனுப்புகிற கல். ஒரு மூச்சு இழுக்கிற நேரம் எடுத்துக்கொள்ளும், அவ்வளவுதான்.

சரி, நெருப்பு வந்துவிட்டதை யார் பார்த்துச் சொல்வது? அதற்கு அப்சர்வர் என்று ஒரு கட்டை. அதற்கு முகம் உண்டு. முகத்துக்கு நேராக இருப்பதை வெறித்துப் பார்த்துக்கொண்டே இருக்கும். அங்கே ஏதாவது மாறினால் முதுகுப் பக்கமாக ஒரு துடிப்பு அனுப்பும். அந்தக் கட்டையை முதன்முதலில் பார்த்தபோது எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. உதட்டை இறுக்கிக்கொண்டு, கொசு கடித்தாலும் அசையாமல்... சாட்சாத் எங்கள் வீட்டு மொட்டை மாடி பவி!

ஒருமுறை பற்ற வைத்தால் தானாக அணையாத கல் ஒன்று அந்த கேமில் இருக்கிறது. அதை உச்சியில் வைத்து, எதிரே அப்சர்வரை நிறுத்தி, ஊர் முழுக்க விளக்குகளை இணைத்து, நெருப்பு வைத்தேன்.

அப்போதுதான் முதலில் சொன்னது நடந்தது. ஊரே ஒரு தரம் கண் சிமிட்டிவிட்டு இருண்டுபோனது. மலை மேல் நெருப்பு எரிகிறது, கீழே ஒரு வீட்டிலும் விளக்கில்லை. ஏன்? அப்சர்வர் மாறுகிற நொடியில் மட்டும்தான் கத்தும். ஒரே கத்து. அப்புறம் கம்மென்று ஆகிவிடும். அந்த ஒரு கத்தை ஞாபகம் வைத்துக்கொள்ள யாரும் இல்லை.

கல்லுக்கு எப்படி ஞாபகசக்தி கொடுப்பது?

மூன்று நாள் இதே யோசனை. சாவியைக் கேட்டால் ரசீதைக் கொடுத்தேன். ரசீதைக் கேட்டால் சோப்பைக் கொடுத்தேன். நான்காம் நாள் பவியிடமிருந்தே போன்.

“அண்ணா, பால்கோவா அனுப்பி விடேன்.”

“அண்ணாவா? அப்போ அரை கிலோவா?”

“ஒரு கிலோ. உங்க மாப்பிள்ளையும் துன்னுவாரு.”

“பேரு அவருக்கு, துன்றது நீ.”

“நான் பேசும்போது நீ வாய மூடு.”

“நான் பேசும்போதுதான் நீ மூடறியா?”

“நீ மூடினாத்தான் நான் பேச முடியும். நான் மூடினாத்தான் நீ பேச முடியும். ரெண்டு பேரும் ஒண்ணா பேசினா அம்மா தொடப்பத்த எடுக்கும். சின்ன வயசுலேருந்து இதானடா ரூல்?”

போனை அப்படியே பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். அந்த கேமில் ஒரு சிவப்புத் தீப்பந்தம் இருக்கிறது. அதன் குணமே தலைகீழ். கரண்ட் வந்தால் அணையும், கரண்ட் போனால் எரியும். அப்படி இரண்டை எதிரும் புதிருமாக வைத்து, ஒன்று எரிந்தால் மற்றதை அணைக்கிற மாதிரி இணைத்தால்? ஒன்று எரியும், ஒன்று அணைந்திருக்கும். வெளியிலிருந்து ஒரு தட்டு தட்டினால் மாறிக்கொள்ளும். மறுபடி அந்தப் பக்கம் யாராவது தட்டும் வரை அப்படியே நிற்கும். ஒரு நாளானாலும், ஒரு வருஷமானாலும்... தட்டியதை மறக்காது.

ஞாபகம் என்பது இவ்வளவுதானா? ஒருவரை ஒருவர் வாயை மூட வைத்துக்கொண்டு எதிரெதிரே நிற்கிற இரண்டு பேர்?

“டேய், லைன்ல இருக்கியா?”

“ரெண்டு கிலோவா அனுப்பறேன்” என்று வைத்துவிட்டேன்.

அன்று மத்தியானமே போட்டேன். ஒருமுறை கத்தினாள்... மன்னிக்கவும், ஒருமுறை கத்தியது அப்சர்வர். ஊர் எரிந்தது. எரிந்துகொண்டே இருந்தது. ஷபீர் ரிசப்ஷன் மேஜையில் ஏறி உட்கார்ந்து கைதட்டினான். திரும்ப அணைப்பதற்கு மற்ற பக்கம் ஒரு தனி லைன் போட வேண்டும். அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன். டெஸ்டிங்குக்குக் கட்டையை உடைத்து அணைத்துவிட்டுத் திரும்ப வைத்துக்கொண்டேன்.

வந்த குஷியில் ஓர் அன்னதானக் கூடம்கூடக் கட்டினேன். தரையில் ஒரு மரப்பலகை. மிதித்தால் சுவரிலிருந்து ஒரு ரொட்டி வந்து விழும். மறுநாள் போய்ப் பார்த்தால் ஓர் ஆடு பலகை மேல் ஏறுவதும் இறங்குவதுமாக இருக்கிறது. ஒவ்வொரு ஏற்றத்துக்கும் ஒரு ரொட்டி. ஸ்டாக் காலி.

“கரெக்டா நம்ம ஊரத்தான் கட்டி வச்சிருக்க மச்சான்” என்றான் ஷபீர்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்தபோதுதான் அந்த வீடு காலை வாரியது. எங்கள் வீடு.

உச்சியில் நெருப்பு வைத்துவிட்டு எட்டிப் பார்த்தால், கோயிலைச் சுற்றி எரிகிறது, கடைத்தெரு எரிகிறது, வேங்கிக்கால் பக்கம் மட்டும் இருட்டு. என்னடா என்று ஓடினேன். தெருவுக்குள் நுழைந்ததும் எரிகிறது! திரும்ப மலைக்குப் போய்ப் புதுசாக நெருப்பு வைத்தேன். வேங்கிக்கால் இருட்டு. ஓடினேன். எரிந்தது. அதிகாரி வருகிற அன்று மட்டும் தண்ணீர் விடுகிற குழாய் மாதிரி.

மாப்பிள்ளையைக் கேட்டதில் விஷயம் தெரிந்தது. அந்த உலகத்தில் ஒரு விதி. நாம் நிற்கிற இடத்தைச் சுற்றிக் கொஞ்ச தூரத்துக்குத்தான் காலம் ஓடும். அதற்கு அப்பால் எல்லாம் அப்படியே உறைந்து நிற்கும். பயிர் வளராது, கதவு ஆடாது. கரண்ட் பாதி வழியில் வந்து ரிப்பீட்டர் வாசலில் காலைத் தூக்கியபடி நிற்கும். யாராவது பக்கத்தில் போனால்தான் மீதி நடக்கும்.

நியாயம்தானே? நாம் இல்லாத தெருவில் என்ன நடக்கிறது என்று நமக்கு மட்டும் என்ன தெரியும்?

வீட்டைப் பெயர்த்து மலைப் பக்கமாக நகர்த்தலாம். ஆனால் பவி கண்டுபிடித்துவிடுவாள். தன் வீட்டிலிருந்து மலை எவ்வளவு தூரம் என்று அவளுக்கா தெரியாது? அதனால் வேறு வழி செய்தேன். அவள் உச்சியில் நிற்கட்டும். அதே நேரம் நான் என் போனில் நுழைந்து எங்கள் வீட்டு வாசலில் நிற்கிறேன். அவளைச் சுற்றி அவள் காலம், என்னைச் சுற்றி என் காலம். வீட்டு விளக்கும் எரிந்துவிடும். அவளுக்கு எதுவும் தெரியவும் வேண்டாம்.

ரொம்ப அழகான பிளான். ஒரே ஒரு ஓட்டை.

தீபத்துக்கு வருகிற கஸ்டமர் ஒவ்வொருவருக்கும் சாவியைக் கொடுக்கும்போது நான் தவறாமல் சொல்கிற வரி ஒன்று உண்டு. “சார், சாயந்தரம் டவர் கிடைக்காது. பேசறவங்ககிட்ட இப்பவே பேசிடுங்க.” அத்தனை லட்சம் பேர் ஒரே ஊரில் நின்று ஒரே நேரத்தில் போனைத் தூக்கினால் டவர் என்ன செய்யும்? இந்த வருஷமும் அன்று காலையிலிருந்து அதைச் சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டிவிட்டது. எல்லோருக்கும் சொன்னேன். எனக்குச் சொல்லிக்கொள்ள மறந்துவிட்டேன்.

பர்மிஷன் வாங்கிக்கொண்டு, கூட்டத்தில் நீந்தி, நடந்தே வேங்கிக்கால் வந்து சேர்ந்தேன். வீட்டில் வை-ஃபை கிடையாது. லாட்ஜ் வை-ஃபையை ஓசியில் குடித்து வளர்ந்த உடம்பு இது. மாடியில் அம்மா அகலெல்லாம் வைத்து முடித்திருந்தார். வீட்டில் லைட்டெல்லாம் அணைத்தாகிவிட்டது. கையில் தீப்பெட்டி. அதை எப்படிப் பிடிப்பது என்றே தெரியாத மாதிரி பிடித்திருந்தார்.

அஞ்சு ஐம்பது. கேமைத் திறந்தேன். வட்டம் சுற்றியது.

அஞ்சு ஐம்பத்தஞ்சு. வட்டம் சுற்றியது. போனை ஆஃப் செய்து ஆன் செய்தேன். தண்ணி டேங்க் மேல் ஏறி நின்றேன்.

“இன்னாடா பண்ற அங்க? வழுக்கப் போவுது, எறங்கு.”

“இரும்மா... ஒரே நிமிஷம்மா...”

வானம் ஊதாவாக மாறிக்கொண்டிருந்தது. தெருவில் ஒரு விளக்கும் இல்லை. எல்லா மாடியிலும் ஆள் இருக்கிறது, ஆனால் உருவம்தான் தெரிகிறது, முகம் தெரியவில்லை. மொத்த ஊரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரே பக்கம் பார்க்கிறது. நான் மட்டும் ஒரு வட்டத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

“டேய்...” அம்மாவின் குரல் ரொம்பச் சன்னமாக வந்தது. “தெரியுதுடா.”

நிமிர்ந்தேன். உச்சியில் நெருப்பு ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தது. எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து அது வருகிற நொடியை நான் தவறவிட்டதே இல்லை. இந்த வருஷம் தவறவிட்டேன்.

எங்கள் மாடியிலிருந்து யாரும் கத்தவில்லை. தூரத்தில் எங்கோ அரோகரா கேட்டது. அது கிட்டே, இன்னும் கிட்டே என்று மாடி மாடியாக வந்தது. எதிர் வீட்டில் ஒரு விளக்கு. பக்கத்து வீட்டில் ஒரு வரிசை. தெருமுனையில் ஒரு வரிசை. அம்மா தீப்பெட்டியை வைத்துக்கொண்டே நின்றார்.

“ஏத்தும்மா.”

“அது பவி ஏத்தறதாச்சேடா...”

அப்புறம் தீப்பெட்டியை என் கையில் வைத்தார். “நீயே ஏத்து.”

முதல் குச்சி காற்றில் அணைந்தது. இரண்டாவதும். மூன்றாவதில் பற்றியது. அன்றைக்குத் தெருவிலேயே கடைசியாக விளக்கு எரிந்தது எங்கள் வீட்டில்தான்.

ஏழே முக்காலுக்கு போன் உயிர் பெற்றது. அடித்தது. பவி. எடுத்ததும் “சாரிடி” என்றுதான் ஆரம்பித்தேன்.

“எதுக்கு சாரி?”

“டவர் இல்லடி. நான் அங்க நின்னிருக்கணும்...”

“டேய், கம்முனு கேளு. நான் பேசும்போது நீ மூடு.” ரூல் ரூல்தான். மூடினேன்.

ஆறு மணிக்கு மாப்பிள்ளை போனை நீட்டியிருக்கிறார். டி.வி.யில் நெருப்பு தெரிந்ததும் உச்சியில் பற்ற வைத்திருக்கிறாள். கீழே ஊர் எரிய ஆரம்பித்திருக்கிறது.

“ஒரே நேரத்துல எரியலடா. கோயிலு பக்கம் மொதல்ல. அப்புறம் பெரிய கடைத்தெரு. அப்புறம் ஒவ்வொரு தெருவா... தூங்கி எழுந்துக்கிற மாதிரி. நெஜமாவே அப்படித்தானேடா எரியும்? நீயாடா இவ்ளோ யோசிச்ச?”

யோசிக்கவில்லை. ரிப்பீட்டர் எடுத்துக்கொள்ளும் மூச்சு அது. அதை எப்படிச் சரிசெய்வது என்று தெரியாமல் விட்டிருந்தேன். “பின்ன?” என்றேன்.

“ஆனா நம்ம வீடு மட்டும் எரியல. ரொம்ப நேரம் பாத்தேன். டென்ஷனாயிடுச்சி. எல்லார் வீடும் எரியுது, நம்ம வீடு மட்டும் இருட்டா... நீ என்னமோ சொதப்பிட்டன்னு நெனச்சேன். சரி, இன்னா கனெக்ஷன் கொடுத்திருக்கான்னு பாப்போம்னு மலைய விட்டு எறங்கி நடந்தேன்.”

“நடந்தியா? டாக்டரு—”

“போன்லடா எருமை. கால்ல ரெண்டு தலகாணிய வச்சினு படுத்துனே நடந்தேன். ரெண்டு பக்கமும் விளக்கு, தெருவுல ஆளே இல்ல, அந்த மியூசிக் வேற... நம்ம தெரு முக்கு திரும்பறேன். தெரு இருட்டு. ஒரு அடி வைக்கிறேன். மொத வீடு எரியுது. இன்னொரு அடி, அடுத்த வீடு. நான் நடக்க நடக்கத் தெரு எரியுதுடா. கடைசியா நம்ம வீட்டு மாடி.”

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் மட்டும் கேட்டது.

“நான் வர்ற வரைக்கும் ஏத்தாம வச்சினு இருந்துச்சிடா.”

அந்த கேமின் விதியை எடுத்து விளக்கியிருக்கலாம். விளக்கவில்லை. இன்ஜினியரிங் படித்தவளுக்கு அந்த விதி தெரியாமலா இருக்கும்? தெரிந்துதான் பேசுகிறாள் என்று நினைக்கிறேன். நான் அந்த வாசலில் நின்றிருந்தால் விளக்கு ஆறு மணிக்கே எரிந்திருக்கும். அவள் மலையிலேயே நின்று பார்த்துவிட்டு போனை வைத்திருப்பாள். இரண்டு ஊரிலும் கடைசியாக எரிந்த விளக்கு எங்களுடையது. இரண்டும் யாருக்காகவோ தாமதமான விளக்கு.

“நீ அழுவறியாடா?”

“தொண்ட கட்டினுக்குது. காலைலேருந்து டவர் இல்ல டவர் இல்லன்னு கத்தி...”

“சரி சரி, நம்பிட்டேன். ஆமா, அன்னதானத்துல ஒரு ஆடு நிக்குது, உன்ன மாதிரியே.”

வைப்பதற்கு முன் மறுபடி குரல் இறங்கியது. “அண்ணா...”

ஏதோ வேலை ஆக வேண்டும் என்று அர்த்தம்.

“நான் கொழந்தையோட வர்ற வரைக்கும் அந்த லைட்ட அணைச்சிடாதடா.”

மலை மேல் தீபம் பதினோரு நாள் எரியும். என் ஊரில் அது எத்தனை நாள் ஆனாலும் எரியும் — அணைக்கிற லைன் எப்படிப் போடுவது என்று எனக்கு இன்னும் தெரியாது.